எத்தனை முறை பார்த்தால் நம்பலாம்?

நெருப்பு சுடும். நேற்றும் சுட்டது, நாளைக்கும் சுடும். "நாளைக்கும் சுடும் என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்று யாராவது கேட்டால் கேட்டவரைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்போம். ஆனால் அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல உட்கார்ந்தால், பதில் லேசில் அகப்படாது. தத்துவத்தில் இதைத் தொகுத்தறிதலின் சிக்கல் என்பார்கள்.

தொகுத்தறிதல் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பார்த்த சிலவற்றை வைத்துக்கொண்டு பார்க்காத பலவற்றைப் பற்றி ஒரு முடிவுக்கு வருவது. இதுவரை தண்ணீரில் போட்ட உப்பெல்லாம் கரைந்தது, ஆகவே உப்பு தண்ணீரில் கரையும். இதற்கு எதிர்ப்பக்கம் இருப்பது உய்த்தறிதல். தட்டையான பரப்பில் வரைந்த எந்த முக்கோணத்திலும் மூன்று கோணங்களைக் கூட்டினால் 180 பாகை. இது அப்படிப்பட்ட ஒரு முக்கோணம். ஆகவே இதிலும் 180 பாகை. இங்கே முடிவு, முன்னால் சொன்ன இரண்டுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது. முதல் இரண்டையும் ஒப்புக்கொண்டுவிட்டு மூன்றாவதை மறுப்பவர் தன் பேச்சைத் தானே வெட்டிக்கொள்கிறார்.

உப்பு விஷயம் அப்படியில்லை. இதுவரை கரைந்ததையெல்லாம் ஒப்புக்கொண்டு, "அடுத்த கல் கரையாது" என்று ஒருவர் சாதித்தால் அவரைப் பிடிவாதக்காரர் என்று சொல்லலாம். முரணாகப் பேசுகிறார் என்று சொல்ல முடியாது. பார்த்ததைவிட அதிகமாகச் சொல்ல முடிவதுதான் தொகுத்தறிதலின் பலம், அதன் ஓட்டையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. இந்த மருந்து இந்த நோய்க்குக் கேட்கும், இந்த இரும்பு இவ்வளவு பாரம் தாங்கும் என்பதெல்லாம் இப்படி வந்த அறிவுதான். ஆகவே ஓட்டை சின்னதா பெரிதா என்று தெரிந்துகொள்வது நல்லது.

சரி, நிறைய தடவை பார்த்துவிட்டால் போதாதா? எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். கணிதத்திலிருந்து ஒரு சோதனை. ஒரு எண்ணை எடுத்து, அதன் வர்க்கத்தோடு அதே எண்ணைக் கூட்டி, கூடவே 41-ஐயும் கூட்டுங்கள். கணித மேதை ஆய்லரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் சூத்திரம் இது. 0 போட்டால் 41. 1 போட்டால் 43. 2 போட்டால் 47. அப்புறம் 53, 61. எல்லாமே பகா எண்கள், 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாதவை. 10 போட்டாலும் பகா எண், 20 போட்டாலும் பகா எண். 39 போட்டால் 1601 வருகிறது, அதுவும் பகா எண்தான். இதற்குள் 40 முறை ஒன்றுகூடத் தப்பாமல் வந்துவிட்டது. 40 போட்டால் 1681. அது 41-ஐ 41-ஆல் பெருக்கி வரும் எண். அவ்வளவுதான், விதி உடைந்துவிட்டது.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் இருக்கிறது. காலியம் என்ற உலோகம் 1875-ல் கண்டுபிடிக்கப்பட்டது. கிட்டத்தட்ட 30 பாகை செல்சியஸ் வெப்பத்திலேயே உருகிவிடும். சுத்தமான காலியம் ஒரு துண்டு கிடைத்து, அதைக் கவனமாக ஒரு முறை அளந்துவிட்டாலே, இனி எங்கே கிடைக்கும் காலியமும் இந்த வெப்பத்தில்தான் உருகும் என்று வேதியியலாளர் எழுதி வைத்துவிடுவார். ஆயிரம் துண்டுகளை அளந்துவிட்டுத்தான் சொல்வேன் என்று காத்திருக்க மாட்டார். ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் 1843-ல் வெளியிட்ட தர்க்க நூலில் இந்தப் புதிரைத்தான் எடுத்து வைத்தார்: சில சமயம் ஒரே ஒரு உதாரணம் போதுமானதாக இருக்கிறது, வேறு சில சமயம் கணக்கற்ற உதாரணங்கள் சேர்ந்தும் நம்பிக்கை வரமாட்டேன் என்கிறது, ஏன்? இதற்குப் பதில் சொல்பவருக்குத் தர்க்கம் பற்றி முன்னோர்களைவிட அதிகம் தெரியும் என்றே மில் கருதினார்.

பாதி பதில் எளிது. சுத்தமான தனிமம் எதுவானாலும் அதற்கு ஒரே உருகுநிலைதான் என்பது வேதியியலாளருக்கு முன்பே தெரியும். அந்தப் பொதுவான அறிவு பின்னால் நிற்பதால் முன்னால் ஓர் அளவீடு போதுமானதாக இருக்கிறது. ஆனால் அந்தப் பொதுவான அறிவு எங்கிருந்து வந்தது? அதுவும் தொகுத்தறிந்ததுதான். அதற்குப் பின்னால் எது நிற்கிறது என்று கேட்டுக்கொண்டே போனால் அடித்தளம் வரை போக வேண்டியிருக்கும். அங்கே டேவிட் ஹியூம் நிற்கிறார்.

ஸ்காட்லாந்துக்காரரான ஹியூம் (1711–1776) முப்பது வயதுக்கு முன்பே இதை எழுதிவிட்டார். முதல் நூல் 1739-ல் வந்தது, அதிகம் பேர் சீந்தவில்லை. அதையே 1748-ல் இன்னும் எளிமையாகத் திருப்பி எழுதினார். அவர் வாதத்தின் எலும்புக்கூடு இவ்வளவுதான். "இதுவரை நெருப்பு சுட்டது" என்பதிலிருந்து "நாளைக்கும் சுடும்" என்பதற்குப் போக நடுவில் ஒரு படி தேவை: இதுவரை நடந்தது போலவே இனியும் நடக்கும், இயற்கை தன் போக்கைத் திடீரென்று மாற்றிக்கொள்ளாது. இந்த நடுப்படிக்கு என்ன ஆதாரம்?

வெறும் தர்க்கத்தால் அதை நிரூபிக்க முடியாது. இயற்கை நாளைக்குப் போக்கை மாற்றிக்கொள்வதாகக் கற்பனை செய்தால் அதில் முரண்பாடு எதுவும் இல்லை. நான்கு பக்கமுள்ள முக்கோணத்தை நினைக்கவே முடியாது, ஆனால் சுடாத நெருப்பைத் தாராளமாக நினைத்துப் பார்க்கலாம். அப்படியானால் மிஞ்சுவது அனுபவம். "இதுவரை இயற்கை போக்கை மாற்றிக்கொண்டதில்லையே, இனியும் மாற்றாது" என்கிறோம். இதுதான் பொறி. எந்தப் படிக்கு ஆதாரம் கேட்டார்களோ அந்தப் படியையே ஏறித்தான் ஆதாரத்தைக் கொண்டு வருகிறோம். ஒருவர் பொய் சொல்பவரா என்று சந்தேகம் வந்ததும், அவரையே கூப்பிட்டு "நீங்கள் பொய் சொல்வீர்களா?" என்று கேட்டு, அவர் இல்லை என்றதும் நிம்மதி அடைவது போலத்தான் இது. தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1912-ல் இன்னும் நறுக்கென்று சொன்னார்: இதுவரை வந்துபோன எதிர்காலங்களைப் பற்றி நமக்கு அனுபவம் இருக்கிறது, இனி வரப்போகும் எதிர்காலங்களைப் பற்றி இல்லை. அவை முன்னவை போலவே இருக்குமா என்பதுதான் கேள்வியே.

இந்த இடத்தில் புதிதாகப் படிப்பவர்கள் ஒரு தவறான பாதையில் போய்விடுவது வழக்கம். "ஹியூம் சொல்வது நூறு சதவீதம் நிச்சயமில்லை என்பதுதானே? அதை யார் மறுத்தார்கள்? பெரும்பாலும் சுடும் என்று சொல்லிவிட்டுப் போவோமே" என்பார்கள். ஹியூம் அதற்கும் இடம் வைக்கவில்லை. 'பெரும்பாலும்' என்று சொல்ல, இதுவரை எத்தனை முறை நடந்தது என்ற கணக்கைத்தானே எடுத்துக்கொள்கிறோம்? அந்தக் கணக்கு நாளைக்கும் செல்லும் என்று எடுத்துக்கொள்வதே அந்த நடுப்படிதான். நிச்சயம் வேண்டாம், சற்றே கூடுதல் சாத்தியம் போதும் என்று இறங்கி வந்தாலும் அதே கதவில்தான் தலை முட்டுகிறது.

அப்படியானால் நாம் ஏன் நம்புகிறோம்? பழக்கம் என்றார் ஹியூம். இரண்டு விஷயங்கள் திரும்பத் திரும்பச் சேர்ந்து வந்தால், ஒன்றைப் பார்த்ததும் மனம் தானாக மற்றதை எதிர்பார்க்கிறது. இது நம்பிக்கை எப்படி உண்டாகிறது என்பதற்கு விளக்கம். அதை நம்புவது சரிதானா என்பதற்கு இதில் பதில் இல்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகினால் பாதித் தத்துவம் கைவந்துவிடும். மருத்துவர் கனிவாகப் பேசினார் என்பதற்காக ஒரு நோயாளி மருந்தை நம்பலாம். அந்தக் கனிவு அவருடைய நம்பிக்கைக்குக் காரணம், ஆனால் மருந்து வேலை செய்யும் என்பதற்கு அது ஆதாரம் ஆகாது. மருந்து நிஜமாகவே வேலை செய்தாலும் கூட.

ஹியூமுக்கு வெகுகாலம் முன்பே இந்தச் சண்டை நம் பக்கம் நடந்திருக்கிறது. மணிமேகலையின் 27-ஆம் காதையில் பல சமயத்தார் வரிசையாக வந்து தத்தம் கொள்கையைச் சொல்கிறார்கள். அவர்களில் பூதவாதி, கண்ணால் காண்பது மட்டுமே அறிவு, கருதல் அளவை செல்லாது என்கிறான். கருதல் என்பது அனுமானம். கண்டதைக் கொண்டு காணாததை அறிவது. மணிமேகலை திருப்பிக் கேட்கிறாள்: உன் தாய் தந்தையர் யார் என்பதை அனுமானத்தால் அல்லாமல் வேறு எந்த வகையில் நீ அறிவாய்? நல்ல அடிதான். ஆனால் நின்று யோசித்தால், அனுமானம் இல்லாமல் அவனாலும் ஒரு நாள் தள்ள முடியாது என்பதைத்தான் அவள் காட்டியிருக்கிறாள். அனுமானம் நியாயமானது என்று இன்னும் காட்டவில்லை.

பூதவாதியைப் போலவே காண்பதை மட்டும் ஏற்று, உலகாயதர் என்றும் சார்வாகர் என்றும் சொல்லப்பட்டவர்களின் வாதத்தை 14-ஆம் நூற்றாண்டில் மாதவர் தம் சர்வதரிசன சங்கிரகத்தில் தொகுத்து வைத்தார். மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு இருக்கிறது என்கிறீர்கள். இதற்குப் 'புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு' என்ற பொதுத் தொடர்பு தெரிந்திருக்க வேண்டும். இதற்கு வியாப்தி என்று பெயர். அதை எப்படி அறிந்தீர்கள்? கண்ணால் என்றால், இனிமேல் எழப்போகும் புகையை யார் கண்டது? அனுமானத்தால் என்றால் அந்த அனுமானத்துக்கு இன்னொரு வியாப்தி வேண்டும், அதற்கு இன்னொன்று. ஹியூமைப் படித்தவர்களுக்கு இது அப்படியே பழகிய குரலாகக் கேட்கும்.

நியாயம் என்ற இந்தியத் தர்க்க மரபினரின் பதில்தான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. எத்தனை முறை பார்த்தோம் என்ற கணக்கோடு அவர்கள் நின்றுவிடவில்லை. 'நெருப்பு உள்ள இடமெல்லாம் புகை உண்டு' என்று திருப்பிப் போட்டுப் பாருங்கள் என்கிறார்கள். அடுப்புகளை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது ஆயிரம் முறை உண்மையாகத் தெரியும். ஆனால் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டில் நெருப்பு உண்டு, புகை இல்லை. ஏன்? ஈர விறகு இல்லை. இத்தனை நாள் அடுப்பில் புகை வந்தது நெருப்பினால் மட்டுமல்ல, விறகில் இருந்த ஈரமும் சேர்ந்துதான். இப்படிக் கண்ணுக்குப் படாமல் ஒளிந்திருந்து தொடர்பை உண்டாக்கும் நிபந்தனைக்கு உபாதி என்று பெயர். ஆக, ஒரு தொடர்பை நம்புவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை, அதற்குள் உபாதி ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று துருவிப் பார்ப்பது. இடத்தை மாற்றிப் பார், எரிபொருளை மாற்றிப் பார், எது இல்லாவிட்டால் புகை நிற்கிறது என்று பார். மாறாத சூழ்நிலையில் ஆயிரம் முறை பார்ப்பதைவிட, சூழ்நிலையை மாற்றி மாற்றிப் பத்து முறை பார்ப்பது அதிகம் சொல்லும். மில்லின் புதிருக்கு மீதிப் பாதி பதில் இங்கேதான் கிடக்கிறது என்று நினைக்கிறேன்.

சந்தேகவாதி விடமாட்டார். "தேடினீர்கள், கிடைக்கவில்லை. கிடைக்காத உபாதி இல்லாத உபாதி ஆகிவிடுமா?" என்பார். அதே நியாய மரபில் வந்த, பத்தாம் பதினோராம் நூற்றாண்டுக் காலத்து உதயணர் இதற்கு ஓர் எல்லை கட்டினார்: சந்தேகம், சந்தேகிப்பவரின் சொந்தச் செயலோடு முரண்படும் இடம் வரைதான் செல்லும். 14-ஆம் நூற்றாண்டு கங்கேசர் அதை விளக்கினார். புகைக்கும் நெருப்புக்கும் உள்ள தொடர்பைச் சந்தேகிக்கிறேன் என்பவர், புகை வேண்டும் என்றால் நெருப்பைத்தானே தேடிப் போகிறார்? பசித்தால் சாப்பிடத்தானே செய்கிறார்? பிறகென்ன சந்தேகம்!

இந்தப் பதிலை ஹியூமும் எதிர்பார்த்திருந்தார் என்பதுதான் வேடிக்கை. என் நடத்தையே என் சந்தேகத்தை மறுக்கிறது என்கிறீர்கள், ஆனால் என் கேள்வியின் உட்பொருள் உங்களுக்குப் பிடிபடவில்லை என்று அவர் எழுதினார். செயல்படுகிற மனிதனாக அவருக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆதாரத்தைத் தெரிந்துகொள்ள விரும்பும் தத்துவவாதியாகத்தான் கேட்கிறார்.

நிஜ அறிவியலில் இது எப்படி நடக்கிறது என்று பார்க்க ஒரே மனிதரின் வாழ்க்கையில் நடந்த இரண்டு சம்பவங்கள் போதும். 1781-ல் கண்டுபிடிக்கப்பட்ட யுரேனஸ் கோள், நியூட்டனின் விதிகள் சொன்ன பாதையை விட்டுக் கொஞ்சம் விலகி நகர்ந்தது. பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே, விதி தப்பாக இருக்காது, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கோள் இழுக்கிறது என்று கணக்குப் போட்டார். 1846 செப்டம்பரில் பெர்லின் வான்காணகத்தில் காலே தொலைநோக்கியைத் திருப்பினார். லெவெரியே குறித்துக் கொடுத்த இடத்திலிருந்து ஒரு பாகைக்குள்ளேயே நெப்டியூன் இருந்தது. பிறகு புதன் கோள். அதன் பாதையும் கணக்கோடு ஒத்துவரவில்லை. வித்தியாசம் நூற்றாண்டுக்குச் சுமார் 43 விகலை. ஒரு பாகைக்கு 3,600 விகலை என்றால் எவ்வளவு நுணுக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். லெவெரியே 1859-ல் அதே வழியில் போனார்: சூரியனுக்கு அருகே இன்னொரு கோள் இருக்க வேண்டும். வல்கன் என்று பெயர்கூட வைத்தாயிற்று. பார்த்தேன் என்று சொன்னவர்களும் உண்டு. அப்படி ஒரு கோளே இல்லை. தவறியது நியூட்டனின் விதிதான். 1915-ல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் அந்த 43 விகலைக்குக் கணக்குச் சொன்னது.

லெவெரியே இரண்டாவது முறை முட்டாள்தனமாக நம்பினாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்று கையில் இருந்த ஆதாரத்துக்கு அதைவிடச் சிறந்த ஊகம் கிடையாது. நம்பிக்கைக்கு நியாயம் இருந்தது, நம்பிக்கை மட்டும் பொய்யாகப் போயிற்று. நியாயமும் உண்மையும் ஒன்றாகவே நடக்கும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை. இரண்டும் சேர்ந்தே இருந்தாலும் அதை அறிவு என்று சொல்லிவிட முடியாத சந்தர்ப்பங்கள் உண்டு என்று தத்துவவாதி எட்மண்ட் கெட்டியர் 1963-ல் மூன்றே பக்கக் கட்டுரையில் காட்டினார். அது தனியாக எழுத வேண்டிய கதை.

அறிவியலின் தத்துவத்தை ஆராய்ந்த கார்ல் பாப்பர் 1934-ல் வேறு வழி சொன்னார். தொகுத்தறிதலே வேண்டாம். துணிந்து ஊகம் செய், அதை உடைக்கப் பார், உடையாதவரை வைத்துக்கொள். கறுப்பு அன்னம் ஒன்று கண்ணில் பட்டால் 'எல்லா அன்னமும் வெள்ளை' விழுந்துவிடும், அதற்குத் தொகுத்தறிதல் தேவையே இல்லை. அறிவியல் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல அறிவுரை. ஹியூமுக்குப் பதில் என்று கொண்டால் ஒரு இடறல் இருக்கிறது. நூறு சோதனைகளில் தப்பிப் பிழைத்த கோட்பாட்டை நம்பிப் பாலம் கட்டுவதா, இன்னும் சோதிக்கவே படாததை நம்பிக் கட்டுவதா? முதலாவதை என்றால், இதுவரை தப்பியது இனியும் தப்பும் என்று எடுத்துக்கொள்கிறோம். வாசலில் அனுப்பி வைத்த ஆள் கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிட்டார்.

அமெரிக்கத் தத்துவவாதி நெல்சன் குட்மன் 1950-களில் இன்னொரு முடிச்சையும் போட்டார். 'பச்சீலம்' என்று ஒரு நிறத்தை வைத்துக்கொள்வோம். 2050-க்கு முன்பு நாம் பார்த்துவிட்ட பொருள் பச்சையாக இருந்தால் அது பச்சீலம். அப்படிப் பார்க்கப்படாத பொருள் நீலமாக இருந்தால் அதுவும் பச்சீலம். இதுவரை கண்ட மரகதங்கள் எல்லாம் பச்சை. ஆனால் அவை எல்லாம் பச்சீலமும்தான்! ஒரே ஆதாரம் இரண்டு விதிகளுக்கும் சம அளவில் துணை நிற்கிறது. ஒரு விதிப்படி 2050-க்குப் பின் முதன்முதலாகக் கிடைக்கும் மரகதம் பச்சை, மற்றதன்படி நீலம். பச்சீலம் செயற்கையான சொல், ஒதுக்கிவிடுவோம் என்றுதான் சொல்லத் தோன்றும். எது செயற்கை, எது இயற்கை என்று முடிவு செய்ய நமக்கு இதுவரை இருந்த பழக்கத்தைத் தவிர வேறென்ன அளவுகோல் இருக்கிறது? 'இனியும் இப்படியே' என்று சொல்லும்போது எது இப்படியே என்பதைக்கூட நாமே முன்கூட்டித் தேர்ந்தெடுத்துவிடுகிறோம்.

தொகுத்தறிதலுக்கு மட்டுமே வந்த வினை இது என்று நினைக்க வேண்டாம். எந்த நம்பிக்கைக்கும் காரணம் கேட்டு, அந்தக் காரணத்துக்குக் காரணம் கேட்டுக்கொண்டே போனால் மூன்றில் ஒன்றுதான் நடக்கும். முடிவில்லாமல் போகும், சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே நிற்கும், அல்லது "இதற்கு மேல் கேட்காதே" என்று ஓரிடத்தில் நிறுத்த வேண்டிவரும். பழைய கிரேக்கச் சந்தேகவாதிகளுக்கே இது தெரியும். செக்ஸ்டஸ் எம்பிரிகஸ் எழுதி வைத்திருக்கிறார். உய்த்தறிதலையும் நீங்கள் உய்த்தறிந்துதான் நிரூபிக்க முடியும். ஹியூமின் கேள்வியால் அறிவியலை மட்டும் மட்டம் தட்டப் பார்ப்பவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

எங்கே நிறுத்துவது என்பதில்தான் இப்போது கட்சிகள். ஆதாரத்துக்கு ஏற்ற அளவு நம்புவதற்குத்தான் 'நியாயமாக நம்புவது' என்றே பெயர், அதற்கு மேல் நியாயம் கேட்பது பொருளற்றது என்றார் ஆங்கிலத் தத்துவவாதி ஸ்ட்ராசன், 1952-ல். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சொல்லை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று சொன்னதால், அப்படி நம்பினால் உண்மை கிட்டும் என்று ஆகிவிடாது. ஹான்ஸ் ரைஹன்பாக் சூதாடியின் கணக்குப் போட்டார்: உலகத்தில் ஒழுங்கு இருக்குமானால் தொகுத்தறிதல் அதைக் கண்டுபிடித்துவிடும், இல்லாவிட்டால் எந்த முறையும் உதவாது, ஆகவே இழப்பதற்கு ஒன்றுமில்லை.

ஆல்வின் கோல்ட்மன் 1979-ல் கேள்வியையே நகர்த்தி வைத்தார். ஒரு நம்பிக்கை நியாயமானதாக இருக்க, அதை உண்டாக்கிய வழி பெரும்பாலும் உண்மையில் கொண்டுபோய் விடுவதாக இருந்தால் போதும். அந்த வழி நம்பகமானது என்று நம்புபவர் நிரூபித்துக் காட்ட வேண்டியதில்லை. இதன்படி பார்த்தால், உலகம் ஒழுங்காக நடக்கும்வரை நம் தொகுத்தறிதல் நியாயமானதுதான், ஹியூமுக்கு நம்மிடம் பதில் இருந்தாலும் இல்லாவிட்டாலும். வாதம் செய்யத் தெரியாத குழந்தைக்கும் நாய்க்கும் நியாயமான நம்பிக்கைகள் இருக்கலாம். இது ஏமாற்று வேலை என்பவர்கள் உண்டு: வழி நம்பகமானதா என்பதுதானே கேள்வி, 'நம்பகமாக இருந்தால்' என்று தொடங்குவது எப்படிப் பதிலாகும்? நான் பாதி மனதோடு கோல்ட்மன் பக்கம்தான். நிரூபித்துக் காட்ட முடிந்தவர்களுக்கு மட்டுமே நியாயம் உண்டு என்று வைத்தால், இந்த வாதங்களைப் படித்திராத யாருக்குமே எதையும் நம்ப நியாயம் இல்லை என்று ஆகும், படித்தவர்களுக்கும் அது எங்கே கிடைத்திருக்கிறது?